வளர்ற பிள்ளைக்கு எடுத்த சட்டை

பெரிய முதலியார்சாவடியிலிருந்து புதுச்சேரி நேரு வீதி பத்து கிலோமீட்டருக்குள்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். ஒரு அம்மா, மடியில் துணிக்கடைப் பை, பக்கத்தில் அந்தப் பையைத் திறந்து திறந்து பார்க்கிற ஒரு குழந்தை. பையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது அந்த மடிக்கு எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கேயும் ஒரு காலம் வரை குழந்தைத் துணி பெரும்பாலும் வீட்டில் தைத்ததுதான். 1917-ல் ஜார்ஜ் எர்ன்ஷா என்பவர் துணி வியாபாரிகளுக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அது சொல்லிக்கொடுத்த பாடம் எளிமையானது. குழந்தைக்கு வேண்டியதையெல்லாம் கடையில் ஒரே இடத்தில் வையுங்கள், தாயின் நம்பிக்கையைச் சம்பாதியுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்! ரோஸ் கலர் ஆண் குழந்தைக்கு, நீலம் பெண் குழந்தைக்கு என்று 1918-ல் எழுதியதும் அதே பத்திரிகைதான். இன்றைக்குத் தலைகீழ். "பெண் குழந்தைன்னா பிங்க்" என்பது இயற்கை விதி என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1930-களில் காற்று திசை மாறியது. தவழும் வயதுக்கும் பள்ளிக்கூட வயதுக்கும் நடுவில் 'டாட்லர்' என்று ஒரு புது அளவைக் கடைகள் கொண்டுவந்தன. ஷெர்லி டெம்பிள் என்கிற குட்டி நடிகையின் பெயரில் கவுன்கள் விற்றன. அதுவரை தாயின் கண்ணால் கடையைப் பார்த்த வியாபாரிகள், அதற்குப் பிறகு குழந்தையின் கண்ணால் பார்க்கப் பழகினார்கள் என்று டேனியல் தாமஸ் குக் என்ற சமூகவியலாளர் 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சரி, நம்மூருக்கு வருவோம். 1924-ல் திருநெல்வேலியில் ஆரெம்கேவி, 1928-ல் தியாகராய நகரில் நல்லி என்று பெரிய ஜவுளிக்கடைகள் வந்தாலும், அவர்கள் கண் பெரியவர்களின் பட்டின் மேல்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு? ஒரே பீஸிலிருந்து அண்ணன், தம்பி எல்லோருக்கும் சட்டை. பாவாடையில் உள்மடிப்பு பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசா தைங்க" என்று டெய்லரிடம் சொல்லாத அம்மா தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. அது கஞ்சத்தனம் அல்ல. ஒரு துணியை மூன்று தீபாவளிக்கு நீட்டித் தருகிற கணக்கு.

அந்தக் கணக்கை உடைத்தது ரெடிமேட். சட்டைக் காலரில் '4-5 வயது' என்று ஒரு சின்ன லேபிள். யோசித்துப் பார்த்தால், மருந்துப் பாட்டிலில் காலாவதித் தேதி போடுவது மாதிரிதான் அது. உள்ளே பிரிக்க மடிப்பும் இல்லை, தம்பிக்குக் கொடுத்தால் அவன் "பழசு" என்கிறான்.

கூடவே சினிமா வந்தது. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்ததும் நதியா வளையல், நதியா கம்மல், நதியா டிரெஸ் என்று கடை கடையாய்த் தொங்கியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1993-ல் சன் டிவி தொடங்கிய பின் தீபாவளி விளம்பரம் நடுவீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் முதலில் தாய், பிறகு குழந்தை. இங்கே இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் பிடித்தார்கள். குழந்தைக்கு ஆசை, அம்மாவுக்கு "என் பிள்ளை மட்டும் பழசு போடணுமா?" என்கிற பயம். உண்மையில் விற்கப்படுவது இந்தப் பயம்தான்.

கடலோரத்தில் இந்தப் பயத்தின் விலை இன்னும் அதிகம். மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். கடல் சீற்றத்தால் மீன்பிடிப்பும் தடைபடும். அதாவது, ஊரில் கையில் காசு குறைகிற மாசத்தில்தான் விளம்பரம் உச்சத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை அரசு 2022-ல் தொடங்கியதே இந்தக் கஷ்டத்துக்குச் சாட்சி. அந்தக் காசு அரிசிக்கா, சட்டைக்கா? இதற்கு விடை தேடித்தான் தீபாவளிச் சீட்டும், மூட்டையோடு வாசலுக்கு வருகிற தவணைத் துணிக்காரரும் இருக்கிறார்கள். பட்டாசு ஒரு நாளில் வெடித்துவிடும், தவணை பொங்கல் தாண்டியும் வரும்.

இதைச் சொன்னால் உடனே "அம்மாக்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது அநியாயம். கடன் வாங்கியாவது புதுத்துணி எடுக்கிற அம்மாவுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பழைய சட்டையோடு தெருவில் இறங்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். புதுத்துணி வாசனையில் குழந்தைக்கு வருகிற சந்தோஷம் பொய்யல்ல. பொய் எதுவென்றால், அந்தச் சந்தோஷத்துக்கு இவ்வளவு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பது.

பள்ளிக்கூடம் இதை ஒருமுறை நிரூபித்தும் காட்டியிருக்கிறது. காமராஜர் காலத்தில் ஊர் மக்கள் நன்கொடையில் சீருடை வந்தது. 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்கத் தொடங்கியது. வகுப்பில் யார் வீட்டில் எவ்வளவு காசு என்பது சட்டையில் தெரியாமல் போனது. ஆனால் அதே பள்ளியில் பிறந்தநாளுக்கு மட்டும் 'கலர் டிரெஸ்' போட்டு சாக்லேட் கொடுக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலை மூடினால் ஒன்றும் குறைந்துவிடாது. சாக்லேட் போதும்.

இன்னொன்றும் இந்தக் கடற்கரையிலேயே நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவிலில் இருக்கும் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, சுற்றுவட்டார மீனவப் பெண்கள் மிச்சம் விழுந்த துண்டுத் துணிகளில் 'சுனாமிகா' என்ற குட்டி பொம்மையைச் செய்தார்கள். அதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாக மட்டுமே கொடுத்தார்கள். பல நாட்டுக் குழந்தைகள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. விலைச்சீட்டு இல்லாத ஒரு துண்டுத் துணியும் குழந்தையைச் சிரிக்க வைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது இதே ஊர்ப்பக்கத்து அம்மாக்கள்தான்.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எடுக்கும்போது பிள்ளையையும் உட்காரவைத்து, கையில் இருக்கிற காசு இவ்வளவு என்று சொல்லி எடுக்கலாம். ஒரு சைஸ் பெரிதாகவும் எடுக்கலாம். வளர்ற பிள்ளைதானே!