சுக்ரஜ்ஜி கேட்டது

பெங்களூரில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மேடையும் சால்வையும் கிடைக்கின்றன. அவர்களுடைய மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் குறைவு.

2025 பிப்ரவரி 13 அன்று சுக்ரி பொம்மகவுடா மறைந்தார். உத்தர கன்னட மாவட்டம், அங்கோலா அருகே படிகேரியைச் சேர்ந்த ஹாலக்கி இனப் பெண். ஊருக்கு அவர் சுக்ரஜ்ஜி. கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை மனதில் வைத்திருந்தார். கணவரையும் வளர்ப்பு மகனையும் குடி கொண்டுபோயிற்று. அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாராயத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்.

2017-இல் பத்மஸ்ரீ வந்தது. அதே தாலுகாவில் மரம் வளர்த்தே பத்மஸ்ரீ பெற்ற துளசி கவுடாவும் ஹாலக்கிதான். அவர் 2024 டிசம்பரில் போய்விட்டார்.

ஒரே இனத்தில், ஒரே தாலுகாவில் இரண்டு பத்மஸ்ரீ. ஆனால் ஹாலக்கிகளைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சுக்ரஜ்ஜி பலமுறை கேட்டும், அதைக் காணாமலே கண்மூடினார். பட்டியலில் இடம் என்றால் பிள்ளைகளுக்குப் படிப்பில் இடம், வேலையில் இடம்.

விருதை அவர் வாங்கிக்கொண்டார். கேட்டது வேறு.