காஷ்மீரில் பனி பொய்த்தால் யாருக்கு இழப்பு?

காஷ்மீரில் பனி பெய்தால் செய்தி; பெய்யாவிட்டாலும் செய்தி. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பேறிக் கிடந்தபோது, தொலைக்காட்சிகள் ரத்தான ஹோட்டல் அறைகளைப் பற்றிப் பேசின. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அப்போதும் பேச்சு பனிச்சறுக்கைப் பற்றித்தான்.

குதிரை ஓட்டிப் பிழைப்பவருக்கும் ஸ்லெட்ஜ் வண்டி இழுப்பவருக்கும் அது பெரிய இழப்பு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுற்றுலாப் பயணி அடுத்த ஆண்டு வருவார். மலையில் சேர வேண்டிய தண்ணீர் சேராமல் போனால், அந்தக் கோடையில் அதற்கு ஈடு எங்கிருந்து வரும்?

பீர் பஞ்சால் மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் தென்மேற்குப் பருவமழை காஷ்மீர் பள்ளத்தாக்கை வந்தடைவது குறைவு. அந்த மண்ணுக்கு நீர் தருவது குளிர்காலம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரப்பதத்தோடு வரும் காற்றுச் சுழற்சிகளை வானிலைத் துறை 'மேற்கத்திய இடையூறு' என்கிறது. பெயர்தான் இடையூறு, காஷ்மீரிகளுக்கு வாழ்வாதாரமே அதுதான். அது பனியாகக் கொட்டி, உயரத்தில் உறைந்து நின்று, ஏப்ரல் தொடங்கி மெல்ல உருகி ஓடைகளையும் ஊற்றுகளையும் ஜீலம் நதியையும் நிரப்புகிறது.

எவ்வளவு பனி என்பதோடு எப்போது பெய்தது என்பதும் முக்கியம். டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையிலான 40 நாட்களை 'சில்லாய் கலான்' என்கிறார்கள். அடுத்த 20 நாட்கள் சில்லாய் குர்த், அதற்கடுத்த 10 நாட்கள் சில்லாய் பச்சா. முதல் 40 நாட்களில் விழும் பனி கடுங்குளிரில் இறுகி, கோடை வரை தாங்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ விழுவது, வெயில் ஏறியதும் வேகமாகக் கரைந்துவிடும். ஆகவே, "தாமதமாகவேனும் பெய்துவிட்டதே" என்ற ஆறுதல் பாதி உண்மைதான்.

2024 டிசம்பர் 21 அதிகாலை ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தின் மிகக் குளிர்ந்த இரவு அது. குழாய்கள் உறைந்தன, தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. இவ்வளவு குளிரில் பனி பெய்யாமலா இருக்கும் என்று கேட்கலாம். மேகம் நிலத்துக்குப் போர்வை மாதிரி. வானம் தெளிந்திருந்தால் பகலில் சேர்ந்த வெப்பம் இரவில் வெளியேறிவிடும். வறண்ட குளிர்காலத்தின் இரவுகள் அதனால்தான் இன்னும் கொடுமையாக இருக்கின்றன. குளிரின் சிரமம் முழுதாக வருகிறது. அதன் பலன் மட்டும் வருவதில்லை.

சில நாட்களில் பனி கொட்டியது. சோனாமார்க் சாலையில் சிக்கிய பஞ்சாப் சுற்றுலாப் பயணிகளுக்கு குந்த் ஊர் மக்கள் ஜாமிஆ பள்ளிவாசலைத் திறந்துவிட்டு இரவு தங்க வைத்தார்கள். காஷ்மீரிகளைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்கப் பழகிய ஊடகங்களும் அதைக் காட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அதன்பின் ஜனவரியும் பிப்ரவரியின் பெரும்பகுதியும் வறண்டே போயின. அனந்த்நாக் மாவட்டத்தில் அச்சபல் முகலாயர் தோட்டத்து ஊற்று வற்றியது. சுற்றுக் கிராமங்களின் குடிநீர் ஆதாரம் அது. தண்ணீர் நெருக்கடி வரப்போகிறது என்று முதல்வர் உமர் அப்துல்லாஹ்வே எச்சரித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜனவரியில், பள்ளத்தாக்கின் பல ஊர்களில் மக்கள் திரண்டு மழைத் தொழுகை நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற விவசாயி கையேந்திக் கேட்டது சறுக்கி விளையாடும் பனியை அல்ல. வைகாசியில் நாற்று நடும்போது வாய்க்காலில் ஓட வேண்டிய தண்ணீரை.

2018 வசந்தத்தில் வடகாஷ்மீரின் சில பகுதிகளில், தண்ணீர் போதாது, நெல் நட வேண்டாம் என்று பாசனத்துறையே விவசாயிகளுக்குச் சொன்னது. நெல்லை விட்டு ஆப்பிளுக்கு மாறியவர்களும் தப்பிவிடவில்லை. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். பிப்ரவரியில் வெயில் அடித்தால் மரம் முன்கூட்டியே பூத்துவிடும். பிறகு வரும் ஒரு குளிர்ந்த இரவு பூக்களைக் கருக்கிவிடும். மின்சாரமும் இதே கதைதான். அங்குள்ள நீர்மின் நிலையங்கள் பெரும்பாலும் பெரிய அளவில் நீரைத் தேக்காமல் ஆற்றோட்டத்தில் இயங்குபவை. ஆறு இறங்கினால் உற்பத்தியும் இறங்கும்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. அன்றிலிருந்து ஜீலமும் செனாபும் யாருக்கு என்ற விவாதம் ஸ்டுடியோக்களில் ஓய்ந்தபாடில்லை. ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் காஷ்மீரிக்கு வரும் கோடையில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்ற கேள்வி அந்த விவாதத்தில் வருவதே இல்லை.

பூமி சூடாவதை ஸ்ரீநகரிலோ டெல்லியிலோ உட்கார்ந்து நிறுத்திவிட முடியாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் சதுப்பு நிலங்களை மண்ணிட்டு மூடுவதையும் ஓடைகளில் வரைமுறையின்றி மணல் அள்ளுவதையும் நிறுத்த முடியும். மலையில் எவ்வளவு பனி நிற்கிறது, அது எத்தனை வாரம் தாங்கும் என்ற கணக்கை மார்ச் முடிவதற்குள் ஊர் ஊராக விவசாயிகளிடம் கொண்டுசேர்க்க முடியும். நாற்றங்கால் போடுவதா, மக்காச்சோளத்துக்கு மாறுவதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. பனியை முன்வைத்து ஒரு விளையாட்டுப் போட்டியின் தேதியை மாற்றத் தெரிந்த நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதைத்தான்.