மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு மோர்ஸ் வேண்டும்

கப்பல்கள் 1999இல் மோர்ஸ் தந்திக் குறியீட்டைக் கைவிட்டன. சிற்றலையில் பேச விரும்பும் வானொலி ஆர்வலருக்கு மோர்ஸ் பரீட்சை கட்டாயமா, இல்லையா என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கட்டும் என்று 2003இல் ஜெனீவா மாநாடு விட்டுவிட்டது. இரண்டுமே சரியான முடிவுகள். காது பழகவில்லை என்பதற்காகத் திறமையான ஒருவரை வாசலில் மறிப்பது நியாயமில்லை.

ஆனால் வாவிக்கரையில் எலக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் பிள்ளைகள் மோர்ஸ் படிக்கத்தான் வேண்டும்.

1978 நவம்பரில் சூறாவளி இந்த மாவட்டத்தையே பிரட்டிப் போட்டது. 2004 டிசம்பர் 26 கல்லடிக்கும் நாவலடிக்கும் கடல் வந்தது. அந்தச் சுனாமி நாட்களில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி கடத்தியவர்கள் விக்டர் குணதிலக்க போன்ற வானொலி ஆர்வலர்கள். அந்தமானில் அதே வேலையைச் செய்தவர் பாரதி பிரசாத். எங்கள் கரையில் யார் இருந்தார்கள்? போர்க்காலத்தில் இங்கே ஒரு வயர்லெஸ் கருவி வீட்டில் இருப்பதே ஆபத்து. ஒரு தலைமுறை இந்தக் கலையைத் தொடாமலே வளர்ந்துவிட்டது. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

மோர்ஸ் அனுப்பும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். 7 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று, ட்ரான்சிஸ்டர் ஒன்றிரண்டு, 12 வோல்ட் பற்றரி. அன்ரெனாவுக்கு இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஏறத்தாழ 20 மீற்றர் கம்பி. நிலைமை நன்றாக இருந்தால் பகலில் கொழும்பை எட்டும். குரலுக்குச் சுமார் 2,500 ஹேர்ட்ஸ் அகலம் தேவை. மோர்ஸுக்கு 150 போதும். அதே வலு அந்த ஒடுங்கிய இடத்தில் குவிவதால் இரைச்சலுக்குள்ளும் 'டிட் டா' காதில் விழும். சமிக்ஞை, இரைச்சல் பாடத்தைக் கரும்பலகையில் மணிக்கணக்காக விளக்குவதைவிட, ஹெட்போனை மாட்டிவிட்டால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். நாளைய பொறியியலாளருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியாது.

நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் தந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை, காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் பிடிக்கும். உண்மைதான். ஆனால் அதற்குக் கணினி வேண்டும், செக்கன் பிசகாத கடிகாரம் வேண்டும். கரண்ட் போய் மூன்றாம் நாள் அவற்றை எங்கே தேடுவது?

அதிபர்களே, சாரணப் பொறுப்பாசிரியர்களே, பாடசாலைக்கு ஒரு வானொலிக் கழகம் தொடங்குங்கள். பிள்ளைகளைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துங்கள். கொழும்பிலுள்ள மூத்த ஆர்வலர்கள் எங்கள் பக்கமும் வந்து படிப்பித்துத் தர வேண்டும்.