ஊனத்தின் அளவு வேறு, வருமான இழப்பு வேறு



சாலை விபத்தில் காயம்பட்டவருக்குத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கியதும், அதை எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றம் செல்வது அடிக்கடி நடக்கிறது. மேல்முறையீடு அவர்கள் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவச் சான்றில் உள்ள ஊன சதவீதத்தைக் காட்டி, வருமான இழப்பும் அவ்வளவுதான் என்று வாதிடுவதை ஏற்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் அவர் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். அவரவர் தொழிலைப் பார்த்தே இழப்பைக் கணக்கிட வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

எங்கள் தெருக் கொத்தனார் ஒருவருக்குச் சாலை விபத்தில் கை விளங்காமல் போயிற்று. சாரம் ஏற முடியவில்லை. இனி யார் அவரைச் சித்தாள் வேலைக்காவது கூப்பிடுவார்கள்? தீர்ப்பு வந்தும், மேல்முறையீட்டால் பணம் கைக்கு வரவில்லை. சிகிச்சைக்கு வாங்கிய கடனின் வட்டி மட்டும் நிற்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, மேல்முறையீடு செய்ய 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பல லட்ச ரூபாய் வழக்கில் இது எந்த மூலைக்கு? தீர்ப்பை நிறைவேற்றத் தடை கேட்கும்போது கூடுதலாகக் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அது வழக்குக்கு வழக்கு மாறும். விபத்துப் பொறுப்பை ஒப்புக்கொண்டு தொகையை மட்டும் எதிர்க்கும் நிறுவனம், தகராறில்லாத பகுதியை உடனே கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஒரு வாசகர், கரூர்