ஏலகிரியில் பறக்கலாம், விதி வேண்டும்

எங்கள் உத்திரமேரூர் வட்டாரம் ஏரியும் வயலுமான சமவெளி. அதனால் பாராகிளைடரில் பறக்க ஆசைப்படும் இளைஞர்கள் ஏலகிரி மலையைத்தான் நினைக்கிறார்கள். அங்கே முன்பு பறக்கும் விழாக்கள் நடந்ததுண்டு. அவற்றை ஆண்டுதோறும் நடத்தினால் நல்லது. கேரளத்தின் வாகமனில் நடத்துகிறார்களே!

ஆனால் விழாவுக்கு முன்னால் விதி வேண்டும். மலைச்சரிவில் மோதும் காற்று மேலே எழும். அதில்தான் இறக்கை மிதக்கிறது. அதே காற்று முகட்டைத் தாண்டியதும் மறுபக்கம் சுழன்று கீழே இழுக்கும். ஹேங்கிளைடருக்காவது அலுமினியச் சட்டம் உண்டு. பாராகிளைடர் வெறும் துணியும் கயிறும்தான், தாறுமாறான காற்றில் சட்டென்று மடங்கிவிடும். காற்று அப்படிக் கொந்தளிக்கும், வெயில் ஏறிய நண்பகலில் புதியவர்களைப் பறக்கவிடுவது வீண் வீம்பு.

2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த பீர் பில்லிங் இருக்கும் இமாசலப் பிரதேசத்தில், வான் விளையாட்டுக்கென்றே 2022இல் புதிய விதிகள் வந்தன. அனுபவசாலிகள் நிறைந்த அந்த மலையிலும் உயிரிழப்புகள் நின்றபாடில்லை. கேரளத்தின் வர்க்கலையில் 2023 மார்ச்சில் பாராகிளைடரில் பறந்த இருவர் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

விமானியின் உரிமம், அவசரப் பாராசூட், காப்பீடு, காற்றின் வேகத்துக்கு உச்சவரம்பு ஆகியவற்றைச் சுற்றுலாத் துறை புறப்படும் இடத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். காற்று சரியில்லாத நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். பணம் கைமாறிய பிறகு 'இன்று வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

– ஒரு வாசகர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்