இளங்காடும் காடே

வெட்டுண்ட வெப்பமண்டலக் காடு மறுபடி வளர்ந்தாலும் அது புதர்தானே, அதனால் வனவிலங்குகளுக்கு என்ன பிரயோஜனம் என்னும் அபிப்பிராயம், காட்டின்மீது அக்கறையற்றவர்களிடம் மட்டுமன்றி, அதனைக் காக்கப் பாடுபடும் நல்லோர் பலரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் காட்டும் காரணங்கள் நான்கு. அவற்றை முறையே பரிசீலிப்போம்.

முதற்காரணம், மேய்ச்சலால் பாழ்பட்ட நிலத்துக்குக் காடு திரும்பாது என்பது. கோஸ்டா ரிக்கா தேசத்தின் குவானகாஸ்தே பிரதேசத்தில், கால்நடைத் தீவனமாக ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜராகுவாப் புல், ஆளுயரம் வளர்ந்து, கோடைதோறும் பற்றியெரிந்து, தப்பித் தவறி முளைத்த கன்றுகளையெல்லாம் கருக்கிக்கொண்டிருந்தது. 1980களில் டேனியல் ஜான்சென் என்னும் உயிரியல் அறிஞரும் அவருடைய துணைவியார் வின்னி ஹால்வாக்ஸும் அவ்வூர் மக்களோடு சேர்ந்து தீயை அடக்கியதும், காற்றும் பறவைகளும் விலங்குகளும் கொண்டுவந்து போட்ட விதைகளே புல்வெளியை வனமாக்கின. அங்கேயே, 1990களின் பிற்பாதியில் சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலும் சக்கையும் கொட்டப்பட்ட ஒரு பாழிடத்தை, ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர், சாலையோரத்தில் நாட்டியிருந்த ஏழடிப் பெயர்ப்பலகை கொடிகளுக்குள் மறைந்துபோனமையால், இடத்தையே அடையாளம் காண முடியாமல் திகைத்தார்.

திரும்பி வருபவை எங்கும் காணப்படும் சாமானிய மரங்களே என்பது இரண்டாவது காரணம். இதில் பாதி உண்மை உண்டு. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் நடந்த ஆய்வின்படி, மர இனங்களின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் ஆதிக்காட்டின் அளவில் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் முன்பிருந்த அதே இனங்களின் சேர்க்கையோ 34 சதவீதமே மீள்கிறது, முற்றிலும் மீள நூற்றாண்டுகள் ஆகும். இக்கணக்கு நிரூபிப்பது இளங்காட்டின் பயனின்மையை அன்று, அதற்குக் காலம் வேண்டும் என்பதையே. பத்து வயதுப் பாலகனை, ஏர் பிடிக்கத் தெரியாதவன் என்று வீட்டைவிட்டு விரட்டுவார் உண்டோ?

அரிய விலங்குகள் இளங்காட்டை அண்டா என்பது மூன்றாவது. பிரேசில் நாட்டுக் கடலோரக் காட்டில், 1970களில் சுமார் 200 என்னும் அளவுக்கு அருகிப்போயிருந்த பொன்னிறச் சிங்க டாமரின் குரங்குகள், 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,800 ஆகப் பெருகியிருந்தன. இரவில் மரப்பொந்தில் உறங்கி, பகலில் கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசிக் குலத்துச் செடிகளின் இலைக்குவளைக்குள் கைவிட்டுப் பூச்சிகளைத் துழாவியெடுக்கும் அச்சிறு பிராணிக்கு, பொந்துள்ள முதிய மரமும் வேண்டும். துண்டுபட்ட தோப்புக்கும் தோப்புக்கும் இடையே குடும்பங்கள் கடந்து சென்று கலப்பதற்குப் புதிதாய் வளர்ந்த மரங்களின் தொடர்ச்சியும் வேண்டும்.

இளங்காட்டைப் போற்றினால் ஆதிக்காட்டை வெட்டுவோர்க்கு அது சாக்காகிவிடும் என்பது நான்காவது. நியாயமான அச்சமே. ஆயினும், விதை தருவதும், அவ்விதையைச் சுமக்கும் பறவைக்கு இருப்பிடம் தருவதும் அருகிலுள்ள பழங்காடேயாதலின், தாயை வெட்டிவிட்டுச் சேயை வளர்ப்போம் என்பவன் இரண்டையும் இழப்பான். இதை எடுத்துரைப்பதே அவ்வச்சத்துக்கு மருந்தாகுமேயன்றி, சேயை இகழ்வது மருந்தாகாது.

மதிப்பில்லை என்று கருதப்படும் காட்டின் கதியைத் தெற்குக் கோஸ்டா ரிக்காவில் பிரத்தியட்சமாகக் காணலாம். அங்கே மீண்டெழுந்த காடுகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் பாதி 20 வயது நிறைவதற்குள் மறுபடி வெட்டப்பட்டமை தெரியவந்தது. எண்பது சதவீத இனங்கள் வந்து குடியேறும் தறுவாயில் கோடரி முந்திக்கொள்கிறது; புதர், புதர் என்று சொல்லிச் சொல்லியே அதைப் புதராக வைத்திருப்பவர்கள் நாமே.