உம்ரா பயணமும் பிள்ளைகளின் கைப்பையும்

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் பெரிய பெட்டிகளைப் பல நாள்களுக்கு முன்பே கவனத்துடன் அடுக்குகின்றன. கைப்பையோ பெட்டியில் கொள்ளாதவற்றைத் திணிக்கும் மூட்டையாகிவிடுகிறது. இதில் நாம் உடன்படவில்லை.

மதீனா வழியாகச் செல்வோர் நீங்கலாக, நேரே ஜித்தா செல்வோருக்கு விமானம் தரையிறங்குமுன்பே மீகாத் எல்லை வந்துவிடுகிறது. வாப்பா வீட்டிலேயே இஹ்ராம் உடுத்திக்கொள்கிறார். 8 வயது மகன் அழுக்காக்கிவிடுவான் என்று, அவனுடையதை விமானத்தில் உடுத்தலாம் என எண்ணுகின்றனர். பிறகு அதைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுகின்றனர்! பருவமடையாத பிள்ளைக்கு உம்ரா கடமையன்று என்பது உண்மையே. ஆயினும் குழந்தைக்கும் ஹஜ் உண்டு, அழைத்துச் செல்பவருக்கு நற்கூலியும் உண்டு என நபி (ஸல்) அவர்கள் ஒரு தாய்க்கு அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்தச் சிறு துணிகளுக்குரிய இடம் கைப்பையே.

கைக்குழந்தையின் பாலுக்கு 100 மி.லி. திரவ வரம்பு பொருந்தாது. பயணத்திற்குத் தேவையான அளவு கொண்டுசெல்லலாம். விமானம் இறங்கும்போது பால் அருந்தினால் காதடைப்பும் குறையும்.

மூத்த மகள் என்பதாலேயே தம்பியின் பால்புட்டி, பாட்டியாரின் மருந்து அனைத்தையும் அவள் தோளில் ஏற்றுவது முறையன்று. மருந்தும் கடவுச்சீட்டுகளும் பெற்றோரிடமே இருக்கட்டும். அவள் பையில் அவளுடைய துஆ நூலும் ஒரு மாற்றுடையும் போதும். பவர் பேங்க் இருந்தால் அதுவும் கைப்பையில்தான். பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. புறப்படுவதற்கு முந்தைய இரவே ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.